டெலஸ்கோப் அப்பறம் வாங்கிக்கலாம், மொதல்ல காலண்டர் தாளப் பாருங்க: டெல்டாக்காரங்க வானம் பாக்க ஆரம்பிக்கறது எப்படி

எனக்கு மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல ஒரு ஊரு. ராத்திரில வானத்தப் பாத்துகிட்டு நிப்பான்னு தெரிஞ்சதுலேருந்து யாராவது ஒருத்தர் கேட்டுகிட்டே இருக்காங்க, "அண்ணே, எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" எல்லாருக்கும் ஒரே பதில்தான், இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. நான் வாங்கி ஏமாந்தவன். 525 மடங்கு பெருசா காட்டும்னு அட்டைப்பெட்டி மேலயே போட்டிருந்துச்சு, வந்து பாத்தா ஸ்டாண்டு மூச்சு விட்டாலே ஆடுது, நிலாவ உள்ள கொண்டு வர்றதுக்குள்ள நிலா நகந்து போயிடுது. அது இப்ப பரண்ல தூங்குது.

ஆரம்பிக்க வேண்டியது மூணே மூணு. கண்ணு ரெண்டும், ஒரு கயித்துக் கட்டிலு, செவுத்துல தொங்குற தினசரி காலண்டரு. காலண்டர் எதுக்குன்னு கீழ சொல்றேன், இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான்.

மொதல் வேலை, எடம்

நம்ம ஊருக்கு மலை கிடையாது. ஊட்டி கொடைக்கானல்னு ஏங்குறவங்க இத யோசிச்சுப் பாருங்க, மலை இல்லாததாலதான் நமக்கு நாலு பக்கமும் வானம் தரையத் தொடுற வரைக்கும் தெரியுது. தஞ்சாவூரு கிட்டத்தட்ட 10.8 டிகிரி வடக்க இருக்கு, அதாவது பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதனால வடநாட்டுக்காரங்களுக்கு தரையோட ஒட்டிகிட்டு தெரியற தெக்கு நட்சத்திரமெல்லாம் நமக்கு நல்லா மேலேறி வரும். கிரகமெல்லாம் போற பாதையும் நமக்கு ஏறக்கொறைய தலைக்கு மேல.

தஞ்சாவூர், கும்பகோணம் டவுனுக்குள்ள இருக்கறவங்களுக்கு மொட்டை மாடி போதும், தெருவிளக்கு கண்ணுல நேரா அடிக்காம தண்ணி டேங்க் மறைவுல ஒக்காருங்க. கிராமத்துல இருந்தா களம் இருக்கு, ஆத்தங்கரை இருக்கு, அறுப்பு முடிஞ்ச வயல் இருக்கு. கொள்ளிடத்து மணல்ல போயி ஒக்காரலாம்னு தோணும், அழகான எடம்தான், ஆனா தண்ணி தொறந்துவிட்ட நாள்ல ராத்திரில ஆத்துக்குள்ள எறங்கவே எறங்காதீங்க.

டெல்டாவுலயே இருட்டான பக்கம்னா என் அனுபவத்துல வேதாரண்யத்துக்குத் தெக்க அகஸ்தியன்பள்ளி உப்பளத்துப் பக்கம். தெக்கால கோடியக்கரை காடு, அதுக்கப்பறம் கடல். காட்டுக்குள்ள ராத்திரில போகக்கூடாது, அது சரணாலயம், வனத்துறை அனுமதி வேணும். உப்பளமும் யாரோ ஒருத்தரோடது, கேட்டுட்டுப் போங்க.

கேட்டுட்டுப் போறது வயலுக்கும் பொருந்தும். மொத வருஷம் நான் கேக்காம ஒருத்தர் வரப்புல நின்னுகிட்டிருந்தேன், கைல பைனாகுலர், டார்ச்சு. பின்னாடிலேருந்து ஒரு கொரலு, "யாருடா அது, மோட்டார் ஒயர வெட்ட வந்தியா?" ஒயர் திருட்டு நடந்துகிட்டிருந்த சமயம், அவரச் சொல்லிக் குத்தமில்ல. "மாமா நாந்தான், நட்சத்திரம் பாக்க வந்தேன்"னு சொல்லி, அவருக்கும் வியாழன காமிச்சு, அதுக்கப்பறம் அவரே கட்டில எடுத்து வந்து போட்டுக் குடுப்பாரு.

கட்டில்னு சொல்றது சொகுசுக்கு இல்ல. தரைல பாய் விரிச்சுப் படுக்காதீங்க, கட்டுவிரியன் ராத்திரில நடமாடுறது, தரைல படுத்தவங்களத்தான் கடிக்கும், கடிச்சதே சில பேருக்குத் தெரியாது. வரப்புல நடக்கும்போது கண்ணாடி விரியன் இருக்கும், கால்ல பூட்ஸ், கைல டார்ச். கொசுவுக்கு என்ன பண்ணணும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ரெண்டாவது, கண்ணும் கையும்

இருட்டுக்குப் போயி ஒடனே மேல பாத்துட்டு ஒண்ணும் தெரியலன்னு திரும்பி வந்துடாதீங்க. கண்ணு இருட்டுக்குப் பழக 20லேருந்து 30 நிமிஷம் ஆவும், நடுவுல ஒரு தடவ வாட்ஸப் பாத்தீங்கன்னா அவ்ளோதான், மறுபடி மொதல்லேருந்து. டார்ச்சு மேல சிவப்பு கண்ணாடிப் பேப்பர ரெண்டு மூணு மடிப்பா கட்டி ரப்பர் பேண்டு போட்டுடுங்க, சிவப்பு வெளிச்சம் கண்ண அவ்வளவா கெடுக்காது. போன்ல ஸ்டெல்லேரியம்னு ஒரு ஆப் இருக்கு, எறக்கிக்கங்க, அதுல நைட் மோடு போட்டா திரை செவப்பா மாறிடும்.

அளக்கறதுக்கு கை. கைய முழுசா நீட்டி முஷ்டி புடிச்சா அது அகலம் 10 டிகிரி, சுண்டு விரல் 1 டிகிரி. நமக்கு துருவ நட்சத்திரம் வடக்க தரைலேருந்து ஒரே ஒரு முஷ்டி ஒசரத்துலதான் இருக்கும், பாதி நாள் தென்னந்தோப்புக்குப் பின்னாடி மறஞ்சிடும். அத தேடி நேரத்த வீணாக்காதீங்க, நம்ம சொத்து தெக்கு பக்கம்.

இன்னொண்ணு மனசுல வெச்சுக்கங்க, ஒரு நட்சத்திரம் தெனம் 4 நிமிஷம் முன்னாடி உதிக்கும், மாசத்துக்கு 2 மணி நேரம். இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எங்க நிக்குதோ அடுத்த மாசம் ஒம்பது மணிக்கே அங்க நிக்கும். இது புரிஞ்சா மீதி தானா வரும்.

மூணாவதுதான் காலண்டர்

தினசரி காலண்டர் தாளக் கிழிக்கும்போது அடில என்ன போட்டிருக்கும்? "ரோகிணி மாலை 4.12 வரை பின்பு மிருகசீரிடம்" இந்த மாதிரி. நல்ல நேரம் பாக்கறதுக்குன்னு நெனச்சுகிட்டிருக்கோம், ஆனா அது நெஜத்துல நிலாவோட அட்ரஸ். நிலா வானத்த ஒரு சுத்து சுத்திவர 27 நாளுக்குக் கொஞ்சம் மேல ஆவுது, அந்தப் பாதைய 27 துண்டாப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நட்சத்திரப் பேரு வெச்சாங்க, ஒரு துண்டு 13 டிகிரி 20 கலை (60 கலை சேந்தா ஒரு டிகிரி), அதாவது ஒண்ணேகால் முஷ்டிக்கு மேல. அப்ப இன்னைக்குத் தாள்ல ரோகிணின்னு போட்டிருந்தா நிலாவ கண்டுபுடிங்க, பக்கத்துல ஆரஞ்சு கலர்ல ஒண்ணு பளிச்சுன்னு இருக்கும், அதான் ரோகிணி. ஒரு மாசம் இப்படி நிலாவ விடாம பின்தொடர்ந்தீங்கன்னா பாதி வானம் பழகிடும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, தெரிஞ்சுக்கிட்டு எறங்குங்க. கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், மகம், சித்திரை, கேட்டை இதெல்லாம் நிலாவோட பாதைக்குப் பக்கத்துலயே இருக்கற நட்சத்திரம், தாளு சொல்றது பொருந்தும். ஆனா சுவாதியும் திருவோணமும் மூணு முஷ்டி வடக்க தள்ளி இருக்கு, திருவாதிரை ஒண்ணரை முஷ்டி தெக்க. சுவாதின்னு போட்டிருக்கேன்னு நிலாவ ஒட்டித் தேடுனா கெடைக்காது. அப்பறம் வாக்கியம் திருக்கணிதம்னு ரெண்டு பஞ்சாங்கம் இருக்கறதால நேரத்துல கொஞ்சம் வித்தியாசம் வரும், வானம் பாக்க அது ஒரு பொருட்டே இல்ல.

அடுத்து மாசத்துப் பேரு. பௌர்ணமி அன்னைக்கு நிலா எந்த நட்சத்திரத்துகிட்ட நிக்குதோ அதான் பெரும்பாலும் மாசத்துப் பேரு. சித்திரைக்கு சித்திரை, வைகாசிக்கு விசாகம், கார்த்திகைக்கு கார்த்திகை, மார்கழிக்கு மிருகசீரிடம். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிர்ல இருக்கும், பொழுது சாயறப்ப உதிச்சு விடியறப்ப மறையும். அப்ப அந்த மாசம் பூரா அந்த நட்சத்திரமும் ஏறத்தாழ அப்படித்தான், விடிய விடிய தெரியும். கோயில் திருவிழா நோட்டீசு ஒவ்வொண்ணும் ஒரு ஸ்கை மேப்புன்னு எனக்குப் புரிஞ்சப்ப, இத ஏன் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் சொல்லலன்னு கொஞ்சம் கோவமே வந்துச்சு.

பேரு பழக நிலா இருக்கற நாள், மங்கலான சமாச்சாரம் பாக்க அமாவாசைக்கு முன்ன பின்ன அஞ்சு நாள். நிலாவையே பாக்கணும்னா பௌர்ணமி வேஸ்ட்டு, வெளிச்சம் நேரா அடிக்கறதால பள்ளம் மேடு ஒண்ணும் தெரியாது. அஷ்டமி வாக்குல பாதி நிலா இருக்கும்போது அந்த வெட்டுக்கோட்டு ஓரமா பாருங்க, சாதா பைனாகுலர்லயே பள்ளமெல்லாம் தெரியும்.

இனிமே மாசத்துக்கு மாசம்.

தையிலதான் நம்ம சீசன் ஆரம்பம். மழை போயிடும், சம்பா அறுப்பு நடந்து வயல் காலியாவும், மாசில காலு வெச்சு நிக்க எடம் கெடைக்கும். அறுவடை மெஷின் ராத்திரில லைட்டப் போட்டுகிட்டு ஓடும், வைக்கோல் தூசி பறக்கும், அது ஓடாத பக்கமா பாத்துக்கங்க. நடுராத்திரிக்கு மேல பனி எறங்கி வயல் மேல மூடிக்கும், அதனால ஏழரைலேருந்து பதினொண்ணுக்குள்ள முடிச்சுக்கறது நல்லது. தலைல குல்லா போடாம போனா மறுநாள் மூக்கு ஒழுகும்.

தை கடைசில ஒம்பது மணிக்கு வெளில வந்து அண்ணாந்து பாத்தா ஏறக்கொறைய உச்சிலயே மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கும். ஓரியன்னு வேட்டைக்காரன் வடிவத்துல ஒரு நட்சத்திரக் கூட்டம், அதோட இடுப்பு. இதான் ஆரம்பிக்கிறவங்களுக்கு சாவி. அந்த மூணையும் ஒரு கோடா வடமேக்கால நீட்டுனா ரோகிணி, இன்னும் நீட்டுனா கார்த்திகைக் கொத்து. தென்கெழக்கால நீட்டுனா வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம், சிரியஸ். இடுப்புக்கு வடக்க செவப்பா ஒண்ணு, திருவாதிரை, 2019 கடைசிலயும் 2020 ஆரம்பத்துலயும் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு மங்கிப் போயி, வெடிக்கப் போவுதுன்னு எல்லாரும் காத்துகிட்டிருந்தோம், கடைசில அது கக்குன தூசி அதையே மறச்சதாம். இடுப்புக்குத் தெக்க வாள் மாதிரி தொங்குறதுல நடுவுல இருக்கறது நட்சத்திரம் இல்ல, மேகம், புது நட்சத்திரம் பொறக்கற எடம். பைனாகுலர் இருந்தா மொத ராத்திரி அதுக்கே போயிடும்.

இப்ப முக்கியமானது. சிரியஸ்லேருந்து நேர் தெக்க மூணரை முஷ்டி எறங்குங்க, தனியா ஒண்ணு பிரகாசமா நிக்கும், தரைலேருந்து ரெண்டரை முஷ்டிக்குக் கொஞ்சம் மேல. அதான் அகத்தியர் நட்சத்திரம், கனோபஸ்னு சொல்றது, பிரகாசத்துல ரெண்டாவது. டெல்லில இது ஒரு முஷ்டி கூட ஏறாது. அகத்தியர் கமண்டலத்த பிள்ளையார் காக்கா ரூபத்துல வந்து தட்டிவிட்டு காவேரி ஓடுச்சுன்னு சின்ன வயசுல அப்பாயி சொன்ன கதைதான் எல்லாருக்கும் தெரியுமே, அந்தக் காவேரி கடல்ல சேர்ற பக்கம் நின்னுகிட்டு அவரோட நட்சத்திரத்தப் பாக்கறதுல ஒரு இது இருக்கு. அகஸ்தியன்பள்ளில நின்னு பாத்தீங்கன்னா சொல்லவே வேணாம்.

தைப்பூசத்தன்னைக்கு நிலா எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்து வெச்சுக்கங்க. பத்து நாள் கழிச்சு இருட்டுல அதே எடத்த, அதாவது புனர்பூசத்தோட ரெட்டை நட்சத்திரத்துக்கும் மகத்துக்கும் நடுவுல பைனாகுலர வெச்சுப் பாத்தா தேன்கூடு மாதிரி ஒரு கொத்து தெரியும். நிலா வெளிச்சத்துல இது கண்டிப்பா தெரியாது, அன்னைக்கே தேடி ஏமாறாதீங்க.

மாசி மகம் நம்ம கும்பகோணத்து விஷயம், அதனால கொஞ்சம் கூடவே பேசிக்கறேன். மாசி பௌர்ணமில நிலா மகத்துகிட்ட நிக்கும், இது வருஷா வருஷம். வியாழன் சூரியன ஒரு சுத்து வர 11.86 வருஷம், அதனால சுமாரா 12 வருஷத்துக்கு ஒரு தடவ அதுவும் சிம்மத்துக்கு வந்து நிக்கும், அந்த மாசி மகம்தான் மகாமகம். கடைசியா 2016 பிப்ரவரி 22, அடுத்து 2028. கொளத்துல முழுக்குப் போட வர்ற கூட்டத்துல எத்தன பேரு அன்னைக்கு ராத்திரி மேல பாப்பாங்கன்னு தெரியல, கெழக்க நிலாவும் வியாழனும் மகமும் ஒரே பக்கமா ஏறி வர்றத பாக்க எந்தக் கருவியும் வேணாம். இப்பலேருந்தே ஒரு நோட்டுப் போட்டு, மாசத்துக்கு ஒரு தடவ வியாழன் எந்த நட்சத்திரத்துகிட்ட இருக்குன்னு குறிச்சுகிட்டே வாங்க, அது வருஷத்துக்கு ஒரு ராசி நகர்றது உங்க கையெழுத்துலயே தெரியும். பைனாகுலர செவுத்துல அழுத்திப் புடிச்சுப் பாத்தா வியாழனுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி புள்ளியா நாலு நிலா, 1610ல கலிலியோ பாத்த அதே நாலு. சில நாள் மூணுதான் தெரியும், ஒண்ணு முன்னாடியோ பின்னாடியோ போயிருக்கும்.

பங்குனி, சித்திரை, வைகாசில வெக்கை, தூசி, இடி மழை எல்லாம் இருந்தாலும் தெக்கு வானத்துக்கு இதான் நேரம். தென்சிலுவை, சிலுவை வடிவத்துல நாலு நட்சத்திரம், நம்ம பக்கம் திரிசங்குன்னும் சொல்லுவாங்க, மே நடுவுல ஒம்பது மணி வாக்குல நேர் தெக்க ரெண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் கம்மியா நிக்கும். இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க, நானும் ரெண்டு வருஷம் ஏமாந்தேன். இதுக்கு மேக்கால ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு போலிச் சிலுவை வரும், இதவிடப் பெருசு, மங்கல். நெஜ சிலுவைக்குக் கெழக்க ரெண்டு பிரகாசமான நட்சத்திரம் அடையாளத்துக்குப் பக்கத்துலயே நிக்கும், அது இல்லன்னா அது சிலுவை இல்ல. அந்த ரெண்டுல தள்ளி இருக்கறது ஆல்பா சென்டாரி, சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்து வீடு, 4.4 ஒளியாண்டுக்குள்ள (வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு).

இன்னொரு பொக்கிஷம் சொல்றேன். சித்திரை நட்சத்திரம் உச்சிக்குக் கொஞ்சம் தெக்க வந்து நிக்கும்போது அதுலேருந்து நேர் கீழ மூணரை முஷ்டி எறங்குங்க, மங்கலா பஞ்சு மாதிரி ஒரு புள்ளி. ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி நட்சத்திரம் சேர்ந்த உருண்டை, சுமார் 17,000 ஒளியாண்டு. லண்டன்ல இருக்கறவனுக்கு இது உதிக்கவே உதிக்காது, நமக்கு மூணு முஷ்டி ஒசரம்.

வடக்க திரும்புனா சப்தரிஷி. பட்டம் வால் மாதிரி வளைஞ்சிருக்கற அந்த மூணு நட்சத்திரத்துல நடுவுல இருக்கறது வசிஷ்டர், ஒட்டிகிட்டே மங்கலா அருந்ததி. கல்யாணத்துல பட்டப்பகல் பத்து மணிக்கு மண்டபத்து வாசல்ல நிக்க வெச்சு அருந்ததியப் பாருன்னு ஐயர் கைய காட்டுவாரு, மாப்ளையும் பொண்ணும் தெரியுதுன்னு தலையாட்டுவாங்க. அந்தப் பொய்ய நெஜமாக்கணும்னா வைகாசில ஒம்பது மணிக்கு மாடிக்குக் கூட்டிகிட்டுப் போயி காட்டுங்க. அந்த வால் வளைவ அப்படியே நீட்டுனா சுவாதி, இன்னும் நீட்டுனா சித்திரை.

ஆனி ஆடில மேட்டூர் தண்ணி வந்து குறுவை நட்டிருப்பாங்க, வயல்ல நிக்க முடியாது, மாடிக்கு மாறிக்கங்க. ஆடிக் காத்து ஸ்டாண்டயே தள்ளும், மேகமும் வந்து வந்து போவும், நடுவுல கெடைக்கற இடைவெளிலதான் பாக்கணும். எட்டரைக்குத் தெக்க தேள், வரைய வேண்டியதே இல்ல, தேளேதான். நெஞ்சுல செவப்பா கேட்டை, கொடுக்குல மூலம். இந்த மூலத்தச் சொல்லி எத்தன பொண்ணுங்களுக்கு வரன தட்டிவிட்டிருக்காங்க, அது பாட்டுக்கு நூத்துக்கணக்கான ஒளியாண்டு தள்ளி எரிஞ்சுகிட்டிருக்கு. கொடுக்குக்குக் கெழக்க டீக்கடைக் கெட்டில் மாதிரி ஒரு வடிவம், பூராடம் உத்திராடம் அதுலதான், அந்தக் கெட்டில் மூக்குலேருந்து ஆவி மாதிரி கெளம்புறது பால்வீதியோட நடுப்பகுதி. ஆவணில அமாவாசையன்னைக்கு மழை விட்ட ராத்திரி கெடைச்சா விடாதீங்க, மழை தூசியக் கழுவி விட்டிருக்கும்.

ஐப்பசில என்ன சொன்னாலும் மழை. தஞ்சாவூர்ல சதய விழா நடக்கும், ராஜராஜனோட நட்சத்திரம். அவ்வளவு பெரிய ராஜாவுக்கு எவ்வளவு பெரிய நட்சத்திரமோன்னு தேடிப் போனா கும்பத்துல மங்கலா ஒரு சின்ன புள்ளி, டவுன்லேருந்து தேடுனா தெரியறதே கஷ்டம். கோயில அவ்வளவு ஒசரமா கட்டுனது இதுக்குத்தானோ என்னவோ.

மழைக்காலத்துல கருவியப் பத்தி யோசிங்க. ஒரு வருஷம் வெறுங்கண்ணால பாத்து, அப்பறமும் ஆசை போகலன்னா 10க்கு 50 பைனாகுலர் (10 மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம்) ஒண்ணு வாங்குங்க, அதுக்கும் அடுத்து டெலஸ்கோப்னா 6 இன்ச்சோ 8 இன்ச்சோ டாப்சோனியன், அதாவது தரைல வெக்கற எளிமையான ஸ்டாண்டு உள்ள கண்ணாடி டெலஸ்கோப், எத்தன மடங்குன்னு பாக்காம கண்ணாடி எவ்வளவு அகலம்னு பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எங்கயாவது வான்நோக்கு நடத்துனா போயி அவங்க டெலஸ்கோப்புல ஒரு தடவ பாத்துடுங்க, திருச்சில அண்ணா அறிவியல் மையக் கோளரங்கமும் இருக்கு, புள்ளைங்களக் கூட்டிகிட்டுப் போகலாம். சூரியன மட்டும் எதாலயும் நேரா பாக்காதீங்க, கண்ணு போனா வராது.

வாங்குனத டெல்டா ஈரம் தின்னுடும். நான் மொத பைனாகுலர தோல் பைக்குள்ள போட்டு பீரோவுல வெச்சுட்டேன், தை மாசம் எடுத்தா லென்ஸ் உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. மூடி இறுக்கமா இருக்கற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல், மாசம் ஒரு தடவ அத வறுத்து மறுபடி போடணும். பனில லென்ஸ் மங்குனா வேட்டித் தலைப்பால தொடைக்காதீங்க, கீறல் விழும், தானா காய விடுங்க.

கார்த்திகைல சொக்கப்பனை கொளுத்தற அன்னைக்கு கெழக்க பாத்தா நிலாவுக்குப் பக்கத்துல கார்த்திகைக் கொத்து, ஆறு எண்ண முடியுதான்னு பாருங்க, கண்ணாடி போட்டவங்க கண்ணாடியோட. டிசம்பர் 13, 14 ராத்திரி ஜெமினிட் எரிகல் மழை, மேகம் விட்டா வருஷத்துலயே இதான் நல்லது. பத்து மணிக்கு மேல கட்டில்ல மல்லாக்கப் படுத்துகிட்டா போதும், பைனாகுலர் வேணாம், எங்கிட்டு வேணும்னாலும் ஓடும்.

மார்கழில காலைல பாக்கணும். எங்க வீட்ல அவங்க கோலம் போட எந்திரிக்கறப்ப நானும் எந்திரிச்சுடுவேன். மார்கழி நடுவுல அஞ்சு மணிக்குத் தெக்க, கொஞ்சமே கொஞ்சம் கெழக்கால பாத்தீங்கன்னா, சித்திரைல ராத்திரி பாக்கப் போற அதே சிலுவை அப்பவே ஒண்ணரை முஷ்டிக்கு மேல ஏறி நிக்கும். அஞ்சே காலுக்கு மேல வெளுத்துடும், அதனால காப்பிய அப்பறம் குடிச்சுக்கலாம்.